நாடாவை எங்கே பிடிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் உடல்நலப் பக்கத்தில், வீட்டிலிருந்தே அளவு நாடாவால் உடற்கொழுப்பைக் கணக்கிடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விடயம்தான். ஆனால் கழுத்து, இடுப்பு, உயரம் என்று எழுதி, கீழே பெட்டி கட்டி ஒரு சூத்திரத்தையும் போட்டுவிட்டு, நாடாவை உடம்பில் எந்த இடத்தில் பிடிக்கவேண்டும் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நான் பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம் தையல் கடை வைத்திருப்பவள். நாடாவைக் கழுத்தில் போட்டபடியே சாப்பிட்டுப் பழகியவள். ஆகவே இதில் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆண்களைச் சொல்கிறேன். இடுப்பு எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் "32" என்பார்கள். அது காற்சட்டையின் அளவு. கலியாணத்துக்குத் தைத்தபோதும் 32, மகள் பெரியபிள்ளையான வீட்டுக்குத் தைத்தபோதும் 32. மனுசன் மெலிவாகவே இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வயிறு முன்னுக்கு வர வர, பெல்ட் கீழே இறங்கிக்கொண்டு போகிறது. தொப்புளுக்கு நேரே கட்டியவர் இப்போது நாலு விரல் கீழே, வயிற்றுக்கு அடியில் கட்டுகிறார். கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப்பட்டி வரை உள்ள உயரத்தை முன்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்து வெட்டித் தரச் சொல்லி ஆட்கள் வந்தால், அளவெடுக்க முன்னமே எனக்கு விசயம் விளங்கிவிடும். அவரைக் கேட்டால் "அக்கா, எனக்கு இருபது வருசமா ஒரே சைஸ்" என்று பெருமையாகச் சொல்வார்.

உங்கள் பெட்டியில் இருந்த சூத்திரம், சான் டியாகோவில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு நிலையத்தில் ஹொட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் 1984இல் உருவாக்கியது. கடற்படை ஆட்களுக்காகச் செய்தது. அதில் ஆண்களின் வயிற்றைத் தொப்புள் மட்டத்தில்தான் அளக்கவேண்டும். கழுத்தைக் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளக்கவேண்டும். பெண்களுக்குக் கணக்கே வேறு: கழுத்தோடு, இடையின் மிக ஒடுங்கிய இடமும், பின்பக்கம் அதிகம் அகன்ற இடமும் வேண்டும். ஆண்களின் சூத்திரத்தை மட்டும் போட்டுவிட்டு, "குடும்பத்தில் அனைவரும் முயன்று பார்க்கலாம்" என்று உங்கள் கட்டுரை முடிந்திருந்தது!

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் என் பெறாமகனிடம் அந்தச் சூத்திரத்தைக் கொடுத்து, அதில் வரும் மடக்கைக் (லொக்) கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மினி பஸ் ஓட்டும் ஒருவரின் அளவுகள் என் கொப்பியில் இருந்தன. உயரம் 5 அடி 6 அங்குலம், கழுத்து 15 அங்குலம். அவருடைய காற்சட்டை அளவான 32ஐப் போட்டால் உடற்கொழுப்பு 15 சதவீதம் வருகிறது. தொப்புள் மட்டத்தில் பிடித்த 36ஐப் போட்டால் 23. பிடித்த இடம் நாலு விரல் மாறினதற்கு 8 சதவீதம். முதல் கணக்கைப் பார்த்தால் அவர் விளையாட்டுவீரர். இரண்டாவதைப் பார்த்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லா மனிதரையும் போல ஒருவர்.

கழுத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சேட்டுக் கொலருக்கு அளக்கும்போது நாடாவுக்கு உள்ளே ஒரு விரலை விட்டுத்தான் நாங்கள் பிடிப்போம். இல்லாவிட்டால் பட்டன் போட்டதும் மூச்சு முட்டும். அந்த விரலின் தடிப்பு சூத்திரத்துக்குத் தெரியாது. அரை அங்குலம் கூடினால் கொழுப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்து வரும். தையல் கொப்பியில் இருக்கும் கொலர் அளவை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சலுகை கொடுத்துக்கொள்கிறார்கள்.

பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். சாறிச் சட்டைக்குக் கழுத்து அளவு என்றால் முன்னும் பின்னும் எவ்வளவு இறக்கம் என்பதுதான். கழுத்தைச் சுற்றி எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது, தேவையும் வந்ததில்லை. அப்புறம் அந்த ஒடுங்கிய இடம். மூன்று பிள்ளை பெற்று, வயலுக்கும் போய்வந்து, நாற்பதைத் தாண்டிய ஒருத்தியின் உடம்பில் ஒடுங்கிய இடம் எங்கே என்று அந்தக் கடற்படைக்காரர் வந்து காட்டினால் நானும் பார்த்துக்கொள்வேன். பாவாடை நாடா கட்டி இறுகிய தழும்பு இருக்கிறதே, பல பேர் அதைத்தான் இடுப்பு என்று நினைத்து அதற்கு மேலேயே நாடாவை வைக்கிறார்கள்.

வீட்டில் மட்டும்தான் இப்படி நடக்கிறது என்றும் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளினிக்கில் என் இடுப்பைச் சாறிக்கு மேலாலேயே அளந்தார்கள். கொசுவம் செருகிய இடத்தில் எத்தனை மடிப்புத் துணி இருக்கும் என்று சாறி கட்டுகிற எவருக்கும் தெரியும். அளந்த பிள்ளையும் சாறிதான் கட்டியிருந்தாள். நான் சொன்னேன்: "தங்கச்சி, இது என்ர இடுப்பில்லை, ஆறு யார் துணியின்ர இடுப்பு." சிரித்துவிட்டு அதே இலக்கத்தை அட்டையில் எழுதினாள். அவளைக் கோபிக்க மனம் வரவில்லை. வாசலில் நீண்ட வரிசை, அறையில் மறைப்புக்கு ஒரு திரைகூட இல்லை.

சரி, எங்கேதான் பிடிப்பது? கடற்படைச் சூத்திரத்துக்கு என்றால் நான் மேலே சொன்ன இடங்கள்தான். இடுப்பளவை மட்டும் பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடத்தை எந்தப் பெண்ணும் ஆணும் தங்கள் விரலாலேயே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான். நாடா தோலின்மேல் இருக்கவேண்டும், சுற்றிலும் தரைக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். முதுகுப்பக்கம் நாடா கீழே வழுக்கிவிடும், அது தனியாக அளக்கிறவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி முன் நில்லுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதங்களைச் சேர்த்து, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, அந்த முடிவில் அளவைப் பார்க்கவேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. என் கடையில் நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுக்காத ஆம்பிளையை நான் இன்னும் காணவில்லை. காலையில், சாப்பிட முன், மலசலகூடம் போய்வந்த பிறகு அளப்பது நல்லது. நாடா தோலில் படவேண்டும், பதியக் கூடாது.

நாடாவையும் ஒருக்கால் பாருங்கள். பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும், முனையில் உள்ள தகடு கழன்று முதல் அரை அங்குலம் போயிருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும், வரும் சதவீதத்தைத் தசம புள்ளியோடு நம்புவதற்கு இல்லை. ஆட்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறை பார்த்து, அதிலிருந்து உடம்பின் அடர்த்தியைக் கண்டு, அந்த விடைக்கு அருகில் வரும்படி நாடா அளவுகளைப் பொருத்தியதுதான் கடற்படைச் சூத்திரம். அதன் பிழை மட்டுமே 3, 4 சதவீதம் வரை இருக்கும். 23 என்று வந்தால் உண்மையில் 19ஆகவும் இருக்கலாம், 27ஆகவும் இருக்கலாம். எங்கள் பக்கத்து ஜிம்மில் போன மாதம் 17.4, இந்த மாதம் 16.9 என்று பெடியள் வட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அந்த அரைச் சதவீதம் நாடாவை இழுத்துப் பிடித்த கையில் இருந்து வந்திருக்கும்.

2018இல் இன்னொரு சூத்திரமும் அமெரிக்காவில் வந்தது. இதற்கு மடக்கை வேண்டாம், கழுத்தும் வேண்டாம். உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 20ஆல் பெருக்கி, ஆண்கள் என்றால் அதை 64இலிருந்தும் பெண்கள் என்றால் 76இலிருந்தும் கழிக்கவேண்டும். நம் மினி பஸ்காரருக்கு 66ஐ 36ஆல் வகுத்துப் போட்டுப் பார்த்தோம். 27 சதவீதம் வந்தது. ஒரே உடம்புக்கு ஒரு சூத்திரம் 23 என்கிறது, மற்றது 27 என்கிறது. பெறாமகனுக்கு இது பெரிய குழப்பமாகப் போய்விட்டது. எனக்கு அப்படி இல்லை. ஒரே அளவைக் கொடுத்தாலும் இரண்டு தையல்காரர் தைத்த சேட் ஒரே மாதிரி இருக்காதே.

இதில் எனக்கு உண்மையான கவலை வேறு. இரண்டு சூத்திரமும் அமெரிக்காவில் இருக்கும் உடம்புகளை அளந்து செய்தவை. எங்கள் உடம்பு கொழுப்பை வைத்திருக்கும் விதம் கொஞ்சம் வேறு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் தங்களையே உதாரணமாக வைத்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) இருவருக்கும் ஒன்றுதான், 22.3. யட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. கைகால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் ஆட்களுக்கு வன்னியில் நான் சேட் தைத்துக்கொண்டே இருக்கிறேன். தோளுக்கு 38 எடுத்தால் வயிற்றில் பட்டன் பூட்டாது, வயிற்றுக்கு 42 எடுத்தால் தோள் தொங்கும். "நான் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கெங்க சீனி வருத்தம்" என்று அவர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கிளினிக்கில் பொய்க்காலைக் கழற்றி நிறை பார்த்தபோது 64 கிலோ. உயரம் 168 சென்ரிமீற்றர். சுட்டி 22.7 வந்தது. ஆசியர்கள் 23க்கு மேலே போனாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன எல்லைக்கு இது கீழே. பிரச்சினை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இல்லாத காலின் நிறையை யார் சேர்ப்பது? முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி, பாதத்தோடு, உடல் நிறையில் ஏறத்தாழ 6 சதவீதம். தொடையோடு முழுக்கால் என்றால் 16. இதற்கு மருத்துவத்தில் கணக்கே இருக்கிறது. அதைச் சேர்த்தால் அவன் 68 கிலோ ஆள், சுட்டி 24. நான் அதற்கு முன்னமே அறிவேன். அவனுடைய காற்சட்டைகளை நான்தான் தைக்கிறேன், பின் தையலில் உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் பிரித்து விட்டாயிற்று. நடு இடத்தில் பிடித்தால் 37 அங்குலம், அதாவது 94 சென்ரிமீற்றர். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005இல் தெற்காசிய ஆண்களுக்கு வைத்த எல்லை 90, பெண்களுக்கு 80. "அக்கா, நிறை சரியாத்தானே இருக்கு" என்றவனைப் பிடித்து இழுக்காத குறையாக இரத்தம் சோதிக்க அனுப்பினேன். சீனி எல்லையில் நிற்கிறது. இன்னும் குளிசை இல்லை, நடையைக் கூட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பொய்க்காலோடு நடையைக் கூட்டுவது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் மட்டமான பாதையாகப் பார்த்துக் காலையில் நானும் கூடப் போகிறேன்.

மின்சாரத்தைச் செலுத்திக் கொழுப்பைக் காட்டும் தராசுகள் இப்போது கடைகளில் வந்திருக்கின்றன. வெறுங்காலோடு இரண்டு பாதங்களையும் தகட்டில் வைக்கவேண்டும். எங்கள் மாவட்டங்களில் எத்தனை வீட்டில் அதற்கு வழியில்லை என்பதை அதை விற்பவர்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். நாடாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் உங்கள் கட்டுரையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லவேண்டும். போரின் கடைசிக் கட்டமான 2009இன் முதல் மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இப்போது மீசை அரும்பி, உயர்தர வகுப்புச் சீருடைக்கு அளவு கொடுக்க வருகிறார்கள். அந்தத் தாய்மார் அப்போது என்ன சாப்பிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நெதர்லாந்தில் 1944, 45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்து மருத்துவர்கள் சோதித்தபோது, சீனியைக் கையாள்வதில் அவர்களின் உடம்பு மற்றவர்களைவிடப் பின்தங்கி இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வரும் என்று சோதிடம் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அவர்கள் முப்பதைத் தொடும்போது, காற்சட்டை அளவைச் சொல்லித் தங்களை ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. உடம்பு வேலையும் முன்போல இல்லையே. நெல் அருவி வெட்ட மெசின், வயலுக்குப் போக மோட்டார்சைக்கிள், பெட்டைகள் ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க இருந்தபடி. நானும் மெசினுக்கு முன்னால் இருந்தபடிதான்.

ஆனால் இதே நாடா வளரும் பெண்பிள்ளைகளின் கையில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சூத்திரங்கள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. பெண் உடம்புக்கு ஆணைவிடக் கொழுப்பு அதிகமாகத்தான் இருக்கவேண்டும், மாதவிடாய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அது வேண்டும். ஆணின் சூத்திரத்தையோ ஆணின் எல்லையையோ பார்த்துவிட்டுப் பதினாறு வயதுப் பிள்ளை புட்டைத் தள்ளிவைத்தால் யார் பொறுப்பு? சட்டைக்கு அளவெடுக்கும்போது "அன்ரி, எவ்வளவு வந்தது?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இலக்கத்தைச் சொல்வதில்லை. எழுதிக் கொப்பியை மூடிவிடுவேன். கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு மருத்துவமாது இருக்கிறார்.

சதவீதம் வேண்டாம், எனக்கு ஆபத்தா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு நாடாவே தேவையில்லை. நீளாத தடித்த நூல் ஒன்றை எடுத்து, சுவரோடு நின்று உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். இரண்டாக மடியுங்கள். மடித்த நூலை நான் மேலே சொன்ன இடத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சந்தித்தால் நல்லது, சந்திக்காவிட்டால் ஒருமுறை இரத்தத்தில் சீனியும் கொலஸ்ட்ரோலும் பாருங்கள். இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்கவேண்டும் என்பதை மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) என்ற அமைப்பும் 2022இல் தன் அறிவுரையில் சேர்த்திருக்கிறது. மினி பஸ்காரரின் நூலில் 3 அங்குலம் போதவில்லை. அவருக்குச் சொல்லியாயிற்று. "நூல் பிழை அக்கா" என்றார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு அந்தப் பெட்டியைத் திருத்திப் போடுங்கள். சூத்திரம் சின்னதாக ஒரு மூலையில் இருந்தால் போதும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு கோட்டுப்படம் பெரிதாக வரட்டும்: விலா எலும்பு, இடுப்பெலும்பு, நடுவில் நாடா, தெளிவான அம்புக்குறி. தைக்கத் தெரிந்த யாரையாவது கேட்டு வரையச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வரைந்து தபாலில் அனுப்புகிறேன். படத்தைக் கிளினிக் சுவரில் ஒட்டும் அளவுக்குத் தனித்தாளாக அச்சிட முடிந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு திரைச்சீலையும் தொங்கவிடச் சொல்லி எழுதுங்கள். துணி என்னிடம் இருக்கிறது, தைத்துக் கொடுக்கக் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி ஒருத்தி,
முரசுமோட்டை.